அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்தால்...



சென்ற மாதம் மட்டும் நான்கு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், கேஸ் அடுப்பு மஞ்சளா எரியுது." "அத்தை, பர்னர்ல ஒரு பக்கம் மட்டும் தீ வர மாட்டேங்குது." "சித்தி, சிம்ல வெச்சா டப்புனு சத்தம் கேட்டு அணைஞ்சு போகுது." போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு டம்ளர் காபியுடன் உட்கார்ந்து படியுங்கள்.

சொல்ல வருவது இதுதான். அடுப்பில் கோளாறு என்றதும் கை வைக்காதீர்கள். முதலில் தீயைப் பாருங்கள். அதன் நிறம், உயரம், சத்தம் மூன்றையும் கவனித்தால் கோளாறு எந்த இடத்தில் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். எதை நாமே சரி செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கேஸ் வரும் பாதையைத் தெரிந்துகொண்டால் எல்லாம் சுலபம். சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியாகி மேலே வந்து ரெகுலேட்டருக்குள் நுழைகிறது. ரெகுலேட்டர் அந்தப் பெரிய அழுத்தத்தை வெகுவாகக் குறைத்து வெளியே விடுகிறது. எவ்வளவு தெரியுமா? உங்கள் பழைய ஜியாமெட்ரி பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, 30 சென்டிமீட்டர் ஸ்கேல், கிட்டத்தட்ட அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ அவ்வளவுதான். வீட்டு அடுப்பு அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது.

அங்கிருந்து டியூப், அடுப்புக்குள் இருக்கும் குழாய், பிறகு நாம் திருகும் நாப். நாப்பின் முனையில் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தத் துளையிலிருந்து கேஸ் வேகமாகப் பாயும்போது சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னர் குழாய்க்குள் போகிறது. உள்ளே இரண்டும் கலந்து, பர்னர் துளைகள் வழியாக மேலே வந்து எரிகிறது. மின்விசிறியோ பம்போ எதுவும் இல்லை. அந்த ஊசித்துளையின் வேகம்தான் காற்றை இழுக்கிறது.

காற்றும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு லிட்டர் புரோப்பேன் வாயு முழுமையாக எரிய 5 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், ஏறத்தாழ 24 லிட்டர் காற்று. பியூட்டேனுக்கு இன்னும் அதிகம், 31 லிட்டர் வரை. இதில் ஒரு பங்கு கீழே ஜெட் பக்கத்திலேயே கலந்துவிடும். மீதியைச் சுடர் தன்னைச் சுற்றி இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 1855 வாக்கில் ராபர்ட் புன்சன் தன் ஆய்வகத்துக்காகக் கருவி செய்யும் பீட்டர் தெசாகாவைக் கொண்டு ஒரு சுடரடுப்பை உருவாக்கினார். அடியில் காற்றுத் துளை, அதன்மேல் ஒரு வளையம். துளையை மூடினால் தீ மஞ்சள், திறந்தால் நீலம். நம் பள்ளியில் அந்த அடுப்பு இல்லை. படத்தைப் போர்டில் வரைந்துதான் நடத்தினேன். ஆனால் உங்கள் எல்லார் வீட்டிலும் அதன் பேரப்பிள்ளை ஒன்று தினமும் எரிகிறது. வளையம் இல்லையே தவிர வேலை ஒன்றுதான்.

நல்ல தீ எப்படி இருக்கும்? நீலமாக இருக்கும். ஒவ்வொரு துளையின் மேலும் சின்னதாக, கூர்மையாக ஒரு வெளிர்நீலக் கூம்பு நிற்கும். சுற்றிலும் ஒரே உயரம். துளையை விட்டு எழும்பாது, பெரிய இரைச்சல் இருக்காது, பாத்திரத்தில் கரி பிடிக்காது. காலையில் பால் வைக்கும்போது ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துப் பழகுங்கள். நல்ல தீயைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கெட்ட தீ உடனே தெரியும்.

கோளாறு என்றால் முதல் கேள்வி: ஒரு பர்னரில் மட்டுமா, எல்லா பர்னரிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு அந்த பர்னர், அதன் ஜெட், அதன் நாப் இவற்றுக்குள்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் என்றால் பொதுவான இடத்தில் தேடுங்கள்: சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் பல வீடுகளில் புது அடுப்பே வாங்கிவிடுகிறார்கள்.

அடுப்பில் ஒரே அளவுள்ள இரண்டு பர்னர் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். அடுப்பு நன்றாக ஆறியபின் இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். கோளாறு பர்னரோடு சேர்ந்து போனால் பர்னரைக் கழுவினால் போதும். பழைய இடத்திலேயே நின்றால் ஜெட்டிலோ நாப்பிலோ சிக்கல். பெரிய பர்னரையும் சின்ன பர்னரையும் மட்டும் மாற்றிப் போடாதீர்கள். அவற்றின் ஜெட் அளவே வேறு.

இனி தீயின் ரகங்களுக்கு வருவோம்.

மஞ்சள் தீ. இதில் இரண்டு வகை உண்டு. நீலத் தீக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சுப் பொறியாகத் தெறித்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டால் பயம் வேண்டாம். சாம்பார் பொங்கி வழிந்ததில் இருந்த உப்பு, அதாவது சோடியம், தீயில் பட்டால் அந்த நிறம் வரும். தூசி பட்டாலும் வரும். துடைத்தால் போதும்.

நுனி முழுக்க மஞ்சளாக, மெத்தென்று உயரமாக ஆடிக்கொண்டு, பாத்திரத்தின் அடியைக் கரியாக்கினால் அது வேறு. காற்று போதவில்லை என்று அர்த்தம். எரியாமல் மிஞ்சிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். மெழுகுவத்திச் சுடரின் நடுவில் வெள்ளைப் பீங்கான் தட்டைக் காட்டினேனே, கறுப்பாகப் படிந்ததே, நினைவிருக்கிறதா? லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்று மெழுகுவத்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவு ஆற்றினார். அந்த ஒளிக்குக் காரணம் கரித்துகள் என்பதை அவரும் அங்கே விளக்கினார். மெழுகுவத்திக்கு அது அழகு. சமையல் அடுப்புக்கு அது நோய்.

பர்னர் குழாயின் வாயில் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டடை அடைத்திருந்தால் காற்று நுழையாது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் சிலந்தியோ கரப்பானோ உள்ளே குடியேறியிருக்கும். பர்னரை எடுத்துக் குழாயைத் தட்டி, நீளமான மெல்லிய பிரஷால் சுத்தம் செய்யுங்கள்.

விட்டுவிட்டு எரியும் தீ. பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கின்றன. பொங்கிய பாலும் கஞ்சியும் காய்ந்து கல்லாகியிருக்கும். பித்தளை பர்னரை வெந்நீரும் புளியும் சேர்த்து அரை மணி ஊறவைத்துத் தேயுங்கள். அலுமினியப் பாகத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பர்னரின் மேல் துளைகளை மெல்லிய ஊசியால் மெதுவாகக் குத்திவிடலாம். கழுவியபின் முழுக்கக் காயவைப்பது முக்கியம். உள்ளே ஈரம் இருந்தால் தீ படபடவென்று எரிந்து, "கழுவினப்புறம் இன்னும் மோசமாயிடுச்சு" என்பீர்கள்.

எழும்பி நிற்கும் தீ. துளைக்கும் சுடருக்கும் நடுவே இடைவெளி, கூடவே இரைச்சல். கலவை வெளியே வரும் வேகம் தீ பரவும் வேகத்தைவிட அதிகம். அழுத்தம் கூடினாலோ, காற்று அளவுக்கு மீறிக் கலந்தாலோ இப்படி ஆகும். எல்லா பர்னரிலும் இப்படி இருந்தால் ரெகுலேட்டர் சரியில்லாமல் இருக்கலாம். சிலிண்டரை மூடிவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை மாற்றத்தான் வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

உள்ளே போகும் தீ. சிம்மில் வைத்ததும் "டப்" என்று சத்தம், பிறகு அடியிலிருந்து உஸ்ஸென்று ஒலி. மேலே தீ இருக்காது, ஆனால் கீழே ஜெட் வாயில் எரிந்துகொண்டிருக்கும். இது எழும்பும் தீக்கு நேர் எதிர். கலவை மெதுவாக வருகிறது, தீ அதை எதிர்த்து உள்ளே ஓடிவிடுகிறது. உடனே நாப்பை மூடுங்கள். பர்னர் ஆறட்டும். பர்னர் தட்டு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பத்தில் எட்டு வீட்டில் அதுதான் காரணம் என்று என் அனுபவம் சொல்கிறது. தேய்ந்து துளை பெரிதான பழைய பர்னர் என்றால் மாற்றிவிடுங்கள்.

ஜெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

என் பழைய மாணவி ஒருத்தி வெளியூரில் வேலையில் இருக்கிறாள். அம்மா மட்டும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். "டீச்சர், அம்மா கேஸ் சீக்கிரம் தீருதுன்னு சொல்றாங்க. பாத்திரமெல்லாம் கறுப்பா ஆகுதாம். அந்தப் பக்கம் போனா ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். கோயிலுக்குப் போன நாளில் எட்டிப் பார்த்தேன்.

அடுப்பைப் பற்றவைத்ததும் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் தீ. சுவரில்கூடக் கரி. கொசுவுக்காக ஜன்னலை மூடியே வைத்திருந்தார். "என்னக்கா, இப்படியா சமைக்கறீங்க?" என்றேன்.

"தீ சின்னதா எரியுதுன்னு தெருவுல வந்த ஆளுகிட்ட காட்டினேன், டீச்சரம்மா. ஊசியால ரெண்டு குத்து குத்தினான். அப்புறம் பாருங்க, ஜம்முனு எரியுது. என்ன, சாயங்காலம் ஆனா தலைதான் வலிக்குது" என்றார் அந்த அக்கா.

எனக்குப் பகீரென்றது. ஜெட்டின் துளை கணக்குப் போட்டுத் துளைத்தது. பித்தளை மெதுவானது, இரும்பு ஊசியை விட்டுச் சுழற்றினால் துளை அகன்றுவிடும். விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். வட்டத்தின் பரப்பு சூத்திரம் போட்டுப் பாருங்கள். அவ்வளவு கேஸ் கூடுதலாகப் பாயும். ஆனால் காற்று வரும் வழி அதே அளவு. தீ பெரிதாகத் தெரியும், சூடு அந்த அளவுக்குக் கூடாது. மிச்சமெல்லாம் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் போகும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சிலிண்டரில் துர்நாற்றம் வீசும் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். எரியும் தீயிலிருந்து வரும் இந்த நச்சு வாயுவுக்கு அப்படி ஒரு அறிவிப்பும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், இவைதான் அதன் முதல் அடையாளம். அந்த அக்காவின் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று நான் வைத்தியர் போலச் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். ஆனால் மூடிய அறை, மஞ்சள் தீ, தலைவலி மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது.

ஜன்னலைத் திறந்தோம், அடுப்பை அணைத்து ரெகுலேட்டரை மூடினோம். அன்றைக்குச் சமையல் பக்கத்து வீட்டில். மறுநாள் ஏஜென்சி மெக்கானிக் வந்து, அந்த அடுப்புக்கு உரிய புது ஜெட் போட்டார். சின்னச் சாமான்தான், அதிகச் செலவில்லை. ஜன்னலுக்குக் கொசு வலை அடித்துக் கொடுக்க மகள் ஏற்பாடு செய்தாள்.

எனவே, பர்னர் துளைக்கு ஊசி, சரி. ஜெட் துளைக்கு ஊசி, கூடவே கூடாது. ஜெட் அடைத்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். குழாய் வழியாக இயற்கை எரிவாயு வரும் வீடுகளுக்கும் இதே பேச்சுதான். அந்த கேஸுக்கு ஜெட் துளை பெரியதாக இருக்கும். அந்த அடுப்பைக் கொண்டுபோய்ச் சிலிண்டரில் மாட்டினால் மஞ்சள் தீ ஆளை விரட்டும். வீடு மாறும்போது கேட்டு, ஜெட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லா பர்னரிலும் தீ மந்தமாக இருந்தால்? ரெகுலேட்டர் முழுக்கத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, அடுப்புக்காலில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். டியூபின் மேலேயே காலாவதி அச்சடித்திருக்கும். சுரக்ஷா டியூப் என்றால் 5 வருஷம். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். சிலிண்டர் கைப்பிடிக்கு உள்பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, அப்படியே மூன்று மூன்று மாதம். அடுத்த பரிசோதனை எப்போது என்பதற்கான குறி அது. தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மார்கழிக் குளிரில் அது மெதுவாகத்தான் ஆவியாகும், தீ மந்தமாகும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கப் போடாதீர்கள், அடுப்புப் பக்கம் நகர்த்திச் சூடேற்றாதீர்கள். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்து, தீ தாறுமாறாகச் சீறும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகனுக்கு வேறு பிரச்சினை. "சித்தி, தோட்டத்துல இருக்கற கிரில்ல எல்லா பர்னரும் மினுக் மினுக்னு எரியுது. புது டேங்க்தான், கோழி வேகவே மாட்டேங்குது" என்றான். அங்கேயுள்ள புரோப்பேன் கிரில்களின் இணைப்பில் ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு. கேஸ் திடீரென்று அதிகமாகப் பாய்ந்தால், டியூப் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது பாதையைச் சுருக்கிவிடும். பர்னர் நாப் திறந்திருக்கும்போது டேங்க்கைத் திறந்தாலோ, டேங்க்கைச் சடாரென்று திறந்தாலோ அது ஏமாந்துவிடும். எல்லா நாப்பையும் மூடு, டேங்க்கை மூடு, இணைப்பைக் கழற்றி ஒரு நிமிஷம் பொறுத்து மறுபடி மாட்டு, டேங்க்கை மெதுவாகத் திற, பிறகு கிரில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பர்னரைப் பற்றவை என்றேன். அன்று மாலையே கோழி வெந்த போட்டோ வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கிரில்லில் சிலந்தி வலை கட்டியிருந்தால், அடைபட்ட கேஸ் பின்பக்கமாக வழிந்து நாப் பக்கத்தில் தீப்பிடிக்கும். வருஷத்தின் முதல் சமையலுக்கு முன்பு பர்னர் குழாய்களைப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள், பிள்ளைகளே.

கடைசியாக, எந்தச் சோதனையும் செய்யக் கூடாத ஒரு நேரம் உண்டு. கேஸ் வாசனை வந்தால் தீயைப் பார்க்கும் வேலையே கிடையாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சுவிட்சைப் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து, வெளியிலிருந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. அவசர உதவிக்கு உள்ள எண் அது. சாதாரண நாளில் டியூப் இணைப்புகளைச் சோதிக்க வேண்டுமானால் சோப்பு நுரையைத் தடவுங்கள், கசிவு இருந்தால் குமிழி வரும். தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இன்னும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் அம்மாக்கள் அடுப்பைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார்கள். கரிப் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிவிடுவார்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, பலகாரம் சாப்பிட்டு முடித்த கையோடு, ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். அடுப்பைப் பற்றவைத்துத் தீயின் நிறத்தைப் பாருங்கள். டியூபின் தேதியைப் பாருங்கள். சமையலறை ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். 1906 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அடுப்புக்கு மேலே அல்ல, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் தீயை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள், நிறம் நன்றாகத் தெரியும். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்